ஏன் மேடம்

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்கென்று முறையான பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அது சம்பளம் போடுகிற அன்றைக்குத்தான் வெளியே வரும். மற்ற நாட்களில் மேனேஜரிலிருந்து மாடிப்படி துடைக்க வருகிற அம்மா வரைக்கும் எல்லாருக்கும் அவள் ‘ஏன் மேடம்’தான்.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. ஊர் முழுக்க உள்ள கட்டடங்களுக்குப் போய் லிஃப்டைச் சரிசெய்கிற மெக்கானிக்குகள், வேலை முடிந்ததும் செல்போனிலேயே ஒரு ரிப்போர்ட் தட்டி அனுப்ப வேண்டும். அது இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்பது ஹெட் ஆபீஸ் உத்தரவு. கட்டடக்காரர்கள் ஆளுக்கொரு பாஷை பேசுகிறவர்கள். மெக்கானிக்குகளின் இங்கிலீஷில் தைரியம் ஜாஸ்தி, சரக்கு கம்மி. அதைத் தட்டிக் கொட்டி நேராக்கி, நாலு பேர் படிக்கிற மாதிரி செய்து அனுப்புவது அவள் உத்தியோகம். ‘லிஃப்ட் நின்றது. இப்போது ஓகே’ என்று யாராவது அனுப்பிவிட்டு எண்ணெய்க் கையைத் துடைப்பதற்குள் போன் அடிக்கும்.

“நின்னுச்சு, சரி. ஏன் நின்னுச்சு?”

“அது வந்து… நின்னுடுச்சு மேடம்.”

“மாடா அது, தானா நிக்கறதுக்கு? காரணம் சொல்லுங்க.”

பெண் கொடுக்கும்போது மாமனார்கூட என்னை இத்தனை கேள்வி கேட்கவில்லை என்று ஒரு மெக்கானிக் மூக்கால் அழுதார். அவளிடம் அது எடுபடவில்லை. காரணம் இல்லாத ரிப்போர்ட் அவள் மேஜையைத் தாண்டாது.

மேஜை என்பது ஆபீஸின் ஒரு மூலையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கார்கள் நிறுத்துகிற இடமும், ஒரு மருந்துக்கடையின் பின்வாசலும் தெரியும். பக்கத்தில் ஒரு பழைய டேபிள் ஃபேன். கடகடவென்று அது போடுகிற சத்தத்தில் போனில் எதிராளி பேசுவது பாதிதான் காதில் விழும். நிறுத்தினால் புழுங்கும் என்பதால் அவள் நிறுத்த மாட்டாள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். ஆபீஸ் இருந்ததோ நான்காவது மாடியில். கட்டடத்தின் லிஃப்ட் மாதக்கணக்காக ஓடவில்லை. அதைப் பராமரிப்பது வேறொரு கம்பெனி. லிஃப்ட் சரிசெய்கிற கம்பெனிக்காரர்கள் அத்தனை பேரும் தினமும் மூச்சு வாங்கப் படியேறி வருவதைப் பார்த்து, கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடைக்காரர் அலுக்காமல் சிரிப்பார்.

அந்த லிஃப்ட் வாசலில் ஒரு இங்கிலீஷ் போர்டு தொங்கியது. ‘ஆஸ்’ (as) என்று ஆரம்பித்து, லிஃப்ட் பழுதில் இருப்பதால் படியைப் பயன்படுத்தவும் என்று முடியும். அந்த ‘ஆஸ்’ஸைப் பார்த்தாலே ஏன் மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் சொல்கிற சொற்கள் விஷயத்தில் அவளுக்குத் தனிக் கொள்கை இருந்தது.

அந்தக் கொள்கை பிறந்தது ஒரு கைத்தடியால். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு குடியிருப்பில் லிஃப்ட் நின்றுபோனது. போய்ப் பார்த்த மெக்கானிக், ‘லிஃப்ட் நின்றது, பிகாஸ் செயலாளரின் அம்மா கதவுக்கு நடுவே கைத்தடியை வைத்தார்’ என்று எழுதியிருந்தார். விஷயம் உண்மை, இலக்கணமும் சரி. அப்படியே அனுப்பிவிட்டாள். மறுநாள் அந்தக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, நான்கு மாடி ஏறிய இளைப்போடு ஆபீஸுக்குள் வந்து நின்றார்.

“எங்கம்மாவ குற்றவாளிக் கூண்டுல ஏத்திட்டீங்களே.”

மேனேஜர் அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் அந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டாள். காரணத்தை முன்னால் கொண்டுவந்து, ஒரு ‘ஆஸ்’ஸுக்குள் சொருகி, செயலாளரின் அம்மா கதவுக்கு நடுவே கைத்தடியை வைத்ததால் லிஃப்ட் நின்றது என்று எழுதி நீட்டினாள். அவர் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். “ம். இது பரவாயில்ல” என்றார். கைத்தடி அதே கைத்தடிதான், அம்மாவும் அதே அம்மாதான். மாறியது ஒரு சின்னச் சொல்லும், அது நின்ற இடமும்தான்.

அன்றிலிருந்து அவள் அந்தச் சொற்களைப் பொறுக்கிப் பார்க்கத் தொடங்கினாள். பிகாஸ் விரலை நீட்டிக் காட்டும்; இதோ இதுதான், இவர்தான் என்று நிற்கும். நாம் ‘ஏன்னா’ என்று பேச்சை நிறுத்தி மூச்சு விட்டுச் சொல்வது போல. சின்ஸ் இருக்கிறதே, அது ‘உனக்குத்தான் தெரியுமே’ என்று தோளில் கைபோடுகிற ஜாதி. ஆஸ் இன்னும் நைசான ஆள். காரணம் சொன்ன மாதிரியும் இருக்கும், சொல்லாத மாதிரியும் இருக்கும். இவை இரண்டும் தமிழில் வார்த்தையின் வாலில் ஒட்டிக்கொள்கிற ‘ஆல’ என்பாள் அவள்: வந்ததால, போனதால, இருந்ததால. கடைசியில் ஃபார். அது புத்தகத்தில் மட்டும் வாழ்கிற ‘ஏனெனில்’. வீட்டில் யாராவது ‘ஏனெனில்’ போட்டுப் பேசினால், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுத்தான் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் அவள் ரிப்போர்ட்டுக்காக மட்டும் யோசிக்கவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் ஒரு நாள் மத்தியானம் பெட்டியோடு கிளம்பினார். ஏன் என்று கேட்டாள். “நிலைமை இப்படி இருக்கறதால…” என்றார். “எப்படி இருக்கறதால?” என்றாள். “அதான், இப்படி இருக்கறதால” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அசல் பிகாஸ் ஒன்று இருந்தது. அது அவர் ஆபீஸிலேயே பக்கத்து மேஜையில் வேலை பார்த்தது என்பது பிறகு தெரிந்தது. ரொம்ப நாள் அழுதாள். அழுகைகூட அவர் போனதற்கு இல்லை, அந்த ‘ஆல’வுக்குத்தான் என்று தங்கையிடம் சொல்வாள். ஒரு காரணம்கூடப் பெறாதவளாகத் தன்னை ஆக்கிவிட்டானே என்பது அவள் ஆத்திரம்.

“சொல்றதுக்குக் காரணம் இல்லாதவனும், இருந்தும் சொல்லத் தைரியம் இல்லாதவனும்தான் ‘ஆல’ போடுவான்” என்பது அன்றைக்கு அவள் கண்டுபிடித்தது. தங்கை அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமே செய்துவிட்டாள்.

இனி மூணாம் மாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது மாடி இல்லை, ஆள். சீனியர் மெக்கானிக். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மேனேஜர் லிஃப்டுக்குள் இருப்பது தெரியாமல் மேலே கரண்டை நிறுத்தி, அவரை மூன்றாம் மாடிக்குச் சற்று மேலே தொங்கவிட்டவர். மேனேஜர் உள்ளிருந்து “மூணாம் மாடி, மூணாம் மாடி” என்று கூவியது கட்டடம் முழுக்கக் கேட்டதாம். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. நடு வயது தாண்டியவர். மனைவி இறந்து வெகுகாலம் ஆயிற்று. அண்ணன் வீட்டில் ஒரு அறையில் இருந்தார். கைவேலையில் சுத்தம். திருகாணி ஒன்றைக் கழற்றினால், அதைத் திரும்ப மாட்டும்வரை உள்ளங்கையிலேயே வைத்திருப்பார்.

இங்கிலீஷில்தான் தகராறு. பிகாஸ் எல்லா இடத்திலும் ஆகாது, மற்றதையும் பழகுங்கள் என்று ஏன் மேடம் எல்லாருக்கும் சொன்னபோது, அவர் சின்ஸைப் பிடித்துக்கொண்டார். ஒரு கடைவளாகத்தில் கன்ட்ரோல் போர்டின் மேல் பல்லி ஒன்று விழுந்து கருகி, லிஃப்ட் நின்றுவிட்டது. அவசரமாம், அவளுக்கு அனுப்பாமல் இவரே நேரடியாகக் கட்டடக்காரருக்கு ரிப்போர்ட் அனுப்பிவிட்டார். லிஃப்ட் வேலை செய்யவில்லை, சின்ஸ் பல்லி.

கட்டடக்காரர் ஆபீஸுக்குப் போன் செய்து, “பல்லின்னு போட்டிருக்கே, அது எந்தக் கிழமை?” என்று கேட்டார். அன்று முழுக்க ஆபீஸில் ஒருவரும் வேலை செய்யவில்லை.

“சின்ஸ்னா ‘இருந்து’ன்னுதான மேடம் ஸ்கூல்ல சொன்னாங்க?” என்றார் மூணாம் மாடி, சாயங்காலம் அவள் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டு.

“நாளைப் போட்டா ‘இருந்து’. காரணத்தைப் போட்டா ‘ஆல’. ஆனா பின்னால ஒரு முழு வாக்கியம் வரணும். பல்லி மட்டும் வந்து நிக்கக் கூடாது.”

“பல்லி விழுந்து செத்ததால.”

“அதான்.”

“ஒரே வார்த்தைக்கு ரெண்டு வேலையா? பாவம் மேடம் அது” என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெகு நாளைக்குப் பிறகு ஆபீஸில் வாய்விட்டுச் சிரித்தாள்.

பல்லிக்குப் பிறகு அவர் நன்றாகத் தேறிவிட்டார். எங்கே எந்தச் சொல் என்பது பிடிபட்டுவிட்டது. ஒரே ஒரு குறைதான். எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுவார், எந்தப் பாகம், எந்தப் பக்கம், என்ன செய்தார் என்று விலாவாரியாக. காரணத்தை மட்டும் விட்டுவிடுவார். எப்போதும் இல்லை, ஆனால் அடிக்கடி. அவள் போன் செய்ய வேண்டியிருக்கும். அவர் இருப்பது எங்காவது ஒரு கட்டடத்து உச்சியில், மெஷின் ரூமில். மோட்டார் இரைச்சலுக்கு நடுவே குரல் மெல்ல வரும் என்பதால், அவருக்குப் பேசும்போது மட்டும் அவள் ஃபேனை நிறுத்திவிடுவாள்.

“மறுபடியும் மறந்துட்டீங்களா? ஏன் நின்னுச்சு?”

“அது பெரிய கதை மேடம்” என்று ஆரம்பிப்பார். கதவின் கீழ்ப் பள்ளத்தில் கிடந்த கோலிக்குண்டு, அது யாருடைய பையனுடையது, அந்தப் பையன் அதை வாங்கிக்கொண்டு என்ன சொன்னான், மொட்டை மாடியில் யார் துணி காய்கிறது, அங்கிருந்து பார்த்தால் இந்த ஆபீஸ் ஜன்னல் தெரிகிறது என்பது வரைக்கும் போகும். பேசி முடிக்கும்போது அவள் ரவிக்கை வியர்வையில் நனைந்திருக்கும். “நல்ல மனுஷன். மறதிதான் ஜாஸ்தி” என்று தங்கையிடம் சொல்வாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குத்தான் ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு மெயில் வந்து முட்டுக்கட்டை போட்டது. தூரத்து ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள். மூணாம் மாடியை அங்கே சூப்பர்வைசராகப் போடலாம் என்று உத்தேசம். சம்மதம் என்றால் ஒரு வரி போதும். சம்மதம் இல்லை என்றால் காரணத்தைக் குறிப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

ஆபீஸில் எல்லாரும் அவர் முதுகில் தட்டினார்கள். மேனேஜர் தன்னைத் தொங்கவிட்டதைக்கூட மன்னித்து, பிஸ்கட் வாங்கிவரச் சொன்னார். மூணாம் மாடி மட்டும் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடித் தடுப்பைத் தாண்டி அவள் மேஜைக்கு வந்தார்.

“மேடம், எனக்குப் போக இஷ்டமில்ல. பதில் எழுதித் தரேன், திருத்தித் தாங்க.”

அவளுக்குள் ஏதோ இலேசானது. அது என்ன என்று அவள் அப்போது பார்க்கவில்லை. “எழுதுங்க, அதுக்குத்தான இருக்கேன்” என்றாள்.

முதல் பதில் வந்தது. என்னால் வர இயலாது, ஆஸ் என் அண்ணன் குடும்பம் இங்கே இருக்கிறது. அவள் படித்துவிட்டு, பழக்க தோஷத்தில் நிமிர்ந்தாள்.

“ஏன், உங்க அண்ணி அந்த ரூமைப் பொண்ணு படிக்கறதுக்குக் கேக்கறாங்கன்னு போன வாரம் நீங்கதான சொன்னீங்க? அண்ணன் குடும்பம் உங்கள வண்டி வச்சு அனுப்பிவைக்கத் தயாரா இருக்கு. இது நிக்காது.”

மூணாம் மாடி தலையைச் சொறிந்துகொண்டு போனார். அடுத்த நாள் இரண்டாவது. சின்ஸ் அந்த ஊர்த் தண்ணீர் என் தொண்டைக்கு ஆகாது.

“நீங்க அந்த ஊர் தண்ணியக் குடிச்சிருக்கீங்களா?”

“இல்ல மேடம்.”

“அந்த ஊருக்குப் போயிருக்கீங்களா?”

“பஸ்ல தாண்டிப் போயிருக்கேன்.”

அதையும் வெட்டினாள். வியாழக்கிழமை மத்தியானம் மூன்றாவது வந்தது. மனுஷர் புத்தகத்தையெல்லாம் புரட்டியிருக்க வேண்டும், ஃபார் போட்டிருந்தார். என்னால் வர இயலாது, ஏனெனில் அங்குள்ள கட்டடங்கள் மிக உயரமானவை, எனக்கு உயரம் என்றால் அச்சம்.

“லிஃப்ட் மெக்கானிக்குக்கு உயரம்னா பயமா?”

“புதுசா வந்துடுச்சு மேடம்.”

அவள் சிரித்திருக்கலாம். ஆனால் கோபம்தான் வந்தது. ஆஸ், சின்ஸ், ஃபார் என்று ஒவ்வொன்றாகப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு ஆண் தன் முன்னால் நிற்பதை அவள் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறாள். “உண்மையான காரணம் இருந்தா எழுதுங்க. இல்லாட்டி எதுக்கு என் நேரத்த வீணாக்கறீங்க?” என்று அறைந்த மாதிரி சொன்னாள்.

அவர் பார்வையை ஃபேன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“சரி மேடம். சம்மதம்னே அனுப்பிடுங்க. போறதுக்கு யாரும் காரணம் கேக்கல. போகாததுக்குத்தான் கேக்கறாங்க. எங்கிட்ட இருந்த காரணத்தையெல்லாம் நீங்க வெட்டிட்டீங்க.”

போய்விட்டார். அவள் கணினித் திரையில் ‘சம்மதம்’ என்பதற்கான ஒற்றை வரியைத் தட்டினாள். திருத்த அதில் ஒன்றுமே இல்லை. அனுப்புகிற பொத்தானின் மேல் விரலை வைத்தாள்; எடுத்தாள். நாளைக்குத்தானே வெள்ளிக்கிழமை என்று கணினியை மூடிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். படியிறங்கும்போது அந்த ‘ஆஸ்’ போர்டைப் பார்க்கக்கூட இல்லை.

அவள் இருந்தது தங்கை வீட்டு மாடியில். கீழே சமையலறையில் தங்கை உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கத்தியை அவள் கையிலும் கொடுத்தாள்.

“ஏன்க்கா மூஞ்சிய உர்ருனு வச்சிருக்க?”

“ஆபீஸ்ல ஒருத்தர் மாத்தலாகிப் போறார். நல்ல வேலைக்காரர்ங்கறதால எங்க கிளைக்கு ரொம்பக் கஷ்டம்.”

“கிளைக்குக் கஷ்டம்னா உங்க மேனேஜர்ல உர்ருனு இருக்கணும்? நீ ஏன் இருக்க?”

“இத்தன நாளா ரிப்போர்ட் பாத்துப் பழகிட்டதால…” என்று சொல்லிக்கொண்டே அவள் ஒரு கிழங்கைச் சீவினாள்.

தங்கை கத்தியைக் கீழே வைத்தாள். “அக்கா, இப்ப நீ ரெண்டு ‘ஆல’ போட்டுட்ட.”

“என்னது?”

“வேலைக்காரர்ங்கறதால, பழகிட்டதால. நீதான சொல்லுவ? சொல்றதுக்குக் காரணம் இல்லாதவனும், இருந்தும் சொல்லத் தைரியம் இல்லாதவனும்தான் ‘ஆல’ போடுவான்னு. இதுல நீ எந்த ஆளு?”

அவள் இன்னும் வேகமாகச் சீவினாள். தோலோடு சேர்த்துக் கிழங்கும் போய்க்கொண்டிருந்தது.

“ஏன்னா போட்டு சொல்லு பாக்கலாம்” என்றாள் தங்கை, விடாமல். “அவர் போனா உனக்கு என்ன?”

“கிழங்கு போதுமா, இன்னும் சீவணுமா?”

“இதுக்கு மேல நீ சீவினா கிழங்கே இருக்காது. வை.”

மாடிக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். உலகத்தில் நிற்கிற லிஃப்டுக்கெல்லாம் ஏன் ஏன் என்று கேட்கத் தெரிந்த அவள், மூணாம் மாடியிடம் கேட்ட ‘ஏன்’கள் எல்லாம் வாக்கியத்தைப் பார்த்துக் கேட்டவை, ஆளைப் பார்த்து அல்ல என்பது அவளுக்கு இப்போது உறைத்தது. கேட்கப் பயந்திருக்கிறாள். பழையபடி யாராவது ‘அதான், இப்படி இருக்கறதால’ என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயம் இன்னும் அப்படியே இருந்தது. ஆனால் கேட்காமலே அவர் போய்விட்டால் அது இதைவிட மோசமாக இருக்கும் என்றும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் சீக்கிரமே போய்ப் படியில் நின்றுகொண்டாள். நின்றது எந்தத் தளத்தில் என்று சொன்னால் நீங்கள் கதை கட்டுவதாகச் சொல்வீர்கள். மூணாம் மாடிதான். அவ்வளவு தூரம் ஏறுவதற்குள் மூச்சு வாங்கியதே தவிர, வேறு உள்நோக்கம் கிடையாது. கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஏறி வந்தார். அவளைப் பார்த்ததும் இரண்டு படி கீழேயே நின்றார்.

“மெயில் போயிடுச்சா மேடம்?”

“இன்னும் அனுப்பல. ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“அண்ணன் வேணாம், தண்ணி வேணாம், உயரம் வேணாம். ஹெட் ஆபீஸுக்காகக் கேக்கல. நான் கேக்கறேன். உங்களுக்குப் போக ஏன் இஷ்டமில்ல?”

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. மூணாம் மாடி பையை இறக்கி வைத்தார். அவருக்குத் தெரிந்த நான்கு சொற்களையும் மனசுக்குள் புரட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. ‘ஏன்’ என்று ஒருவர் நேருக்கு நேர் கேட்டால் பதிலை ஆஸ் போட்டோ சின்ஸ் போட்டோ ஆரம்பிக்க முடியாது, பிகாஸ் ஒன்றுதான் அங்கே செல்லும் என்று இவளே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

“ஏன்னா,” என்று நிறுத்தி, மூச்சு விட்டு, சொன்னார், “அங்க காரணத்த விட்டுட்டு ரிப்போர்ட் அனுப்பினா, விட்டபடியே போயிடும். யாரும் போன் பண்ணி ஏன்னு கேக்க மாட்டாங்க.”

அவளுக்கு அது புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. கோலிக்குண்டு, மொட்டை மாடித் துணி, ஜன்னல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

“அப்ப நீங்க மறக்கறதில்லையா?”

“மறதியா? எனக்கா?” என்றார். “ஒரு திருகாணிய மறந்திருக்கேனா, சொல்லுங்க.”

“மேனேஜரத் தொங்கவிட்டீங்களே.”

“அவர் உள்ள இருந்தத யாரும் சொல்லல மேடம். சொல்லாதத எப்படி மறக்கறது?”

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது. அதை மறைக்கவும் இல்லை. சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. இந்த வயதில் படிக்கட்டில் நின்றுகொண்டு வெட்கப்படுவது இன்னொரு வெட்கமாக இருந்தது. அவர் இரண்டு படியும் ஏறி அவள் நின்ற படிக்கு வந்தார்.

“நீங்க ஏன் மேடம் கேட்டீங்க?”

அந்த ஆபீஸில் சேர்ந்ததிலிருந்து அவளை யாரும் ‘ஏன்’ என்று கேட்டதில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“ஏன்னா, நீங்க போறது எனக்குப் பிடிக்கல” என்றாள். அதில் ‘ஆல’ எதுவும் இல்லை.

மேலே போய்க் கணினியைத் திறந்தாள். அவர் பின்னால் வந்து நின்றார்.

“நான் சொன்னத ஹெட் ஆபீஸுக்கு எழுத முடியாதே மேடம். என்ன எழுதறது?”

“அண்ணன் குடும்பம் இங்க இருக்கறதால” என்றாள் அவள், தட்டிக்கொண்டே.

“அது நிக்காதுன்னீங்களே?”

“அவங்களுக்கு இது போதும்.” ஆஸ் என்று தட்டி, அதற்குப் பின்னால் அண்ணன், அண்ணி, பிள்ளைகள் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல் அவளுக்குப் பிடித்திருந்தது. உண்மையான காரணத்தைத் தெரியவேண்டியவர்கள் தெரிந்துகொண்ட பிறகு, மற்றவர்களுக்குக் கொடுக்க அதைவிடத் தோதான சொல் கிடையாது என்று நினைத்துக்கொண்டாள். பொத்தானை அழுத்தினாள்.

மேனேஜர் வந்ததும் நகலைப் படித்துவிட்டு, “அண்ணன் வீட்டுக்காகவா சூப்பர்வைசர் வேலைய விடறான்? இவன் ஒரு வெள்ளந்தி” என்றார். ஏன் மேடம் அடுத்த ரிப்போர்ட்டை எடுத்தாள்.

மத்தியானம் மூணாம் மாடியிடமிருந்து ஒன்று வந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றிருக்கிறது. எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கதவு, என்ன பாகம், எதை மாற்றினார், எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தார், எல்லாம் எழுதியிருந்தது. இங்கிலீஷில் ஒரு பிழை இல்லை. காரணத்தைக் காணோம்.

அவள் கை நீட்டி ஃபேனை நிறுத்தினாள். போனை எடுத்தாள்.

“ஏன் நின்னுச்சு?”

“ஏன்னா…” என்று ஆரம்பித்தார் அவர், மோட்டார் சத்தத்துக்கு நடுவிலிருந்து. அவள் நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு வசதியாக உட்கார்ந்தாள்.